உள்ளூர்த் திட்ட வரைபடத்தில் நம்ம திடலைக் காணோம்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

லயத்துப்பிள்ளை | திங்கள், இரவு 9.40

வீட்டு வரி கட்ட இன்று காலை ஊராட்சி மன்றத்துக்குப் போயிருந்தேன். நம்பர் எடுத்துவிட்டு உட்கார்ந்தால் எதிரே ஐந்தாறு பலகைகள். டிராஃப் ரஞ்சாங்கான் தெம்பாத்தான், அதாவது உள்ளூர்த் திட்ட வரைவு என்று போட்டு, நம்ம ஊரே வண்ண வண்ணமாகத் தொங்குகிறது. என் முறை வரும்வரை பார்க்கலாமே என்று எழுந்து போனேன்.

எனக்கு முன்னால் ஒரு பாட்டி நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு பலகையில் இடிக்கிற தூரத்தில் தேடிக்கொண்டிருந்தார். "ஆயாக்கொட்டகை எங்கய்யா இருக்கு இதுல?" என்று கேட்டார். தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போன அந்த ஆயாக்கொட்டகையை இடித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் அதைக் கண்டுபிடித்தால்தான் அவருக்கு வீடு கிடைக்கும். தண்ணீர்த் தொட்டியில் விரலை வைத்து, அங்கிருந்து பழைய கிராணி (தோட்டத்து எழுத்தர்) பங்களா, அப்புறம் திடல் என்று இழுத்துக்கொண்டே வந்தார். திடல் இருக்க வேண்டிய இடத்தில் விரல் நின்றுவிட்டது. அங்கே பச்சை இல்லை, வீடமைப்பு வண்ணம்.

நானும் பார்த்தேன், உண்மைதான். நம் அப்பா காலத்தில் விடியற்காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நின்ற களம், நாம் பந்து விளையாடிய இடம், அதில் வீடுகள். தமிழ்ப்பள்ளிக்குப் பின்னால் இப்போது செம்பனை நிற்கிற இடம் ஊதா. ஊதா என்றால் தொழிற்பேட்டையாம். அதிலிருந்து பெரிய ரோட்டுக்குப் புதிதாக ஒரு பாதை, பிள்ளைகள் பள்ளிக்கு நடந்துபோகிற ஒற்றையடிப் பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. மாரியம்மன் கோயில் இருக்கிற இடத்தில் வெறும் விவசாய நிலம்.

வேறு யாராவது பார்த்தீர்களா? இல்லை, நான்தான் தலைகீழாகப் பார்த்துவிட்டு வந்தேனா?

சந்தேகசாமி | திங்கள், இரவு 10.05

தலைகீழாக இல்லை, சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். பலகை வைத்தது சட்டத்துக்காக, உங்களுக்காக இல்லை. எல்லாம் முடிவு செய்துவிட்டுத்தான் தொங்கவிடுவார்கள். மலேசியாவில் கடைசியாக ஊராட்சித் தேர்தல் நடந்தது 1963இல். 1965இல் நிறுத்திவைத்தார்கள், 1976இல் சட்டம் போட்டு ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. நீங்கள் ஓட்டுப் போடாத ஆள் உங்கள் பேச்சை எதற்குக் கேட்கவேண்டும்?

வரைபடத்தம்பி | திங்கள், இரவு 11.20

அண்ணே, நான் நம்ம ஊர்க்காரன்தான், மூன்றாம் லயம் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை). இப்போது கோலாலம்பூரில் நகரத் திட்டமிடல் வேலை. சந்தேகசாமி அண்ணன் தேர்தலைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் "எல்லாம் முடிந்துவிட்டது" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இது நடப்பது 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் கீழ், அதாவது சட்டம் 172. வரைவைப் பார்வைக்கு வைத்தால், ஆட்சேபம் சொல்லப் பத்திரிகை அறிவிப்பு முதலில் வந்த நாளிலிருந்து குறைந்தது நான்கு வாரம் கொடுக்க வேண்டும் என்கிறது 13ஆம் பிரிவு. அறிவிப்பு குறைந்தது இரண்டு பத்திரிகைகளில் மூன்று முறை வரவேண்டும், அதில் ஒன்று மலாய்ப் பத்திரிகை. தமிழ்ப் பத்திரிகையில் போட்டே ஆகவேண்டும் என்று இல்லை. அதனால்தான் நமக்குத் தெரியவில்லை.

இப்போது ஏன் அவசரம் என்றால் இதற்காகத்தான். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒருவர் திட்டமிடல் அனுமதி கேட்டால், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம் என்று 21ஆம் பிரிவு சொல்கிறது. திட்டம் அரசிதழில் ஏறிவிட்டால் அந்தப் பிரிவின் கட்டாயம் போய்விடும். "அதைத்தான் திட்டத்திலேயே கேட்டுவிட்டோமே" என்பது அதன் நியாயம். ஆக, நாளைக்கு லாரி வந்து மண் கொட்டும்போது சண்டை போடலாம் என்று நினைத்தால் அப்போது நம் கையில் ஒன்றும் இருக்காது.

அப்புறம், அந்தப் பக்கத்து நிலக்காரர் உரிமை கிராண்ட் (நிலப் பட்டா) வைத்திருப்பவருக்கு மட்டும்தான். லயத்தில் இருக்கிறவர், வாடகைக்கு இருக்கிறவர் கணக்கிலேயே வரமாட்டார். வரைவுத் திட்டத்துக்கு அப்படி இல்லை, யார் வேண்டுமானாலும் எழுதலாம். அந்தப் பாட்டியும்.

ரொட்டிக்கடை | செவ்வாய், காலை 6.10

கடை திறப்பதற்கு முன் எழுதுகிறேன். எல்லாரும் கோபப்படுவீர்கள், பரவாயில்லை.

எனக்கு அந்த ஊதா வேண்டும். லாரி ரோடும் வேண்டும். சாயங்காலம் என் கடையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வந்து பாருங்கள். எல்லாம் அறுபதுக்கு மேல். வாலிபப் பிள்ளைகள் கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். திருவிழாவுக்கு வந்து செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தொழிற்சாலை வந்தால் நாலு பேருக்கு வேலை, எனக்கும் நாப்பது ரொட்டி கூடப் போகும். திடலைக் காப்பாற்றி அதில் விளையாட யார் இருக்கிறார்கள்?

கொய்யாமரம் | செவ்வாய், காலை 8.30

அண்ணே, நீங்கள் மேட்டில் கடை வைத்திருக்கிறீர்கள். நாங்கள் பள்ளத்தில் இருக்கிறோம், அந்த ஊதாவுக்கு நேர் கீழே, மலிவுவிலை வீட்டு வரிசை.

இப்போதே வருஷக் கடைசி மழையில் தோட்டத்துக் காணில் (வாய்க்காலில்) இருந்து தண்ணீர் நேராக எங்கள் லோங்காங்குக்கு (சாக்கடைக்கு) வருகிறது. எங்கள் வீட்டுக் கேட்டுத் தூணில் மாமனார் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார், ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒரு கோடு, பக்கத்தில் வருஷம். முதல் கோடு என் கணுக்காலுக்கு, கடைசிக் கோடு முழங்காலுக்கு மேலே. செம்பனை இருக்கும்போதே இப்படி. அங்கே சிமெண்டு போட்டு மூடினால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? ரோட்டுக்கு அடியில் இருக்கிற குழாய் குனிந்து பார்த்தால் பாதிக்கு மேல் மண்.

தொழிற்சாலை வரட்டும். இந்த இடத்தில்தான் வரவேண்டுமா?

வரைபடத்தம்பி | செவ்வாய், மதியம் 1.15

அக்கா, அந்தத் தூணைப் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு அளவு டேப்பைப் பிடித்து, கோடும் வருஷமும் தெரிகிற மாதிரி எடுங்கள். "எங்கள் பகுதியில் வெள்ளம் வருகிறது" என்று நூறு பேர் எழுதுவதைவிட அந்த ஒரு படம் பேசும்.

புதுத்தாமான் | செவ்வாய், இரவு 8.45

நான் இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷம். புது டபுள் ஸ்டோரி பக்கம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்த இழையை யாரோ போட்டார்கள்.

நேராகச் சொல்கிறேன். திடலைப் பற்றி எங்களில் பலருக்கு அக்கறை இல்லை. ராத்திரி அங்கே மோட்டார் சைக்கிள் சத்தம், குப்பை. கோயில் ஒலிபெருக்கியைப் பற்றியும் புகார் போயிருக்கிறது, ஒளிக்க விரும்பவில்லை. ஆனால் லாரி ரோடு எங்கள் பின்வேலியை ஒட்டி வருகிறது. அது மட்டும் வேண்டாம்.

லயத்துப்பிள்ளை | செவ்வாய், இரவு 9.02

உங்கள் வேலிக்குப் பின்னால் லாரி வந்தால் ஆட்சேபம். எங்கள் பிள்ளைகள் நடக்கிற பாதையில் வந்தால் முன்னேற்றம். அப்படித்தானே?

புதுத்தாமான் | செவ்வாய், இரவு 9.20

அப்படிச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும்தானே நான் சொல்ல முடியும். அந்தப் பாதை இருப்பதே இந்த இழையைப் படித்துத்தான் தெரியும்.

டீச்சரம்மா | புதன், காலை 10.30

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். அந்தத் தம்பி சொன்ன கடைசி வரி முக்கியம். ஆறு வருஷம் இங்கேயே குடியிருப்பவருக்கே பாதை தெரியவில்லை என்றால், மேலிருந்து படம் பார்த்து வரைகிறவருக்கு எப்படித் தெரியும்?

முப்பத்திரண்டு வருஷம் அந்தப் பள்ளியில் இருந்தேன். தோட்டத்தை விற்றபோதும் இருந்தேன். அப்போதும் ஒரு வரைபடம் வந்தது. ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்தார்கள், கிராணி தவிர யாரும் உள்ளே போகத் துணியவில்லை. வீடு தருவோம் என்றார்கள், சிலருக்குத் தந்தார்கள், சிலர் தாமான் (வீடமைப்புப் பகுதி) ஓரத்தில் பலகை வீடு போட்டார்கள், சிலர் எங்கே போனார்கள் என்றே தெரியாது. நாங்கள் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. கேட்டிருந்தால் தந்திருப்பார்களா என்று இன்று சொல்ல முடியாது. ஆனால் கேட்டதற்கு ஒரு காகிதம்கூட இல்லை என்பது எனக்கு இன்றும் உறுத்தல்.

சரி, ஒரு சந்தேகம். கோயில் அங்கே என் பாட்டி காலத்திலிருந்து இருக்கிறது. அத்தனை வருஷம் இருப்பதே ஓர் உரிமை இல்லையா?

வரைபடத்தம்பி | புதன், இரவு 10.50

டீச்சர், வணக்கம். நான்காம் ஆண்டில் நீங்கள்தான் எனக்கு வகுப்பாசிரியர். திசைகாட்டி வரையத் தெரியாமல் முட்டிபோட்டவன் நான்தான்.

உரிமை இல்லை, டீச்சர். நம் நாட்டு நிலச் சட்டத்தில் எத்தனை வருஷம் குடியிருந்தாலும் அதனால் மட்டும் நிலம் சொந்தமாகாது. அரசு நிலமானாலும் சரி, தனியார் நிலமானாலும் சரி. அதனால் ஆட்சேபக் கடிதத்தில் "நூறு வருஷக் கோயில்" என்று உணர்ச்சியாக மட்டும் எழுதினால் படிப்பவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார்.

கோயில் படத்தில் வராததற்குச் சதி எதுவும் இருக்கவேண்டியதில்லை. அடிப்படைப் படம் லாட் (நிலத் துண்டு) எல்லைகளை வைத்து வருகிறது, மேலே செயற்கைக்கோள் படம், அப்புறம் களத்தில் போய்ப் பார்க்கிறது. பெரிய லாட் ஒன்றுக்குள் ஆலமரத்தடியில் இருக்கிற கோயில் மேலிருந்து பார்த்தால் மரம்தான். களத்துக்கு வந்தவர் ரோட்டோரமாகக் காரில் போயிருந்தால் அதோடு சரி.

கேட்கவேண்டியது இதுதான்: இன்ன லாட்டில், இந்த அளவு இடத்தை முஸ்லிம் அல்லாதார் வழிபாட்டுத் தலம் என்று காட்டுங்கள். மயானம் இருந்தால் அதையும் தனியாகக் கேளுங்கள், அதை எப்போதும் மறந்துவிடுவோம். படத்தில் வந்தால் நிலம் கோயிலுக்குச் சொந்தம் ஆகிவிடாது. அதற்கு மாநில அரசு தனியாக ஒதுக்கீடாக அரசிதழில் போடவேண்டும், நில உரிமையாளரோடும் பேசவேண்டும். ஆனால் படத்தில் வந்துவிட்டால், அந்த இடத்தில் வேறு எதற்காவது அனுமதி கேட்டு வருபவருக்குத் திட்டத்துக்கு முரணாக மன்றம் அனுமதி தரக்கூடாது. 22ஆம் பிரிவு.

சந்தேகசாமி | வியாழன், காலை 7.40

தரக்கூடாது என்று சட்டம் சொன்னால் தரமாட்டார்களாக்கும். தாமான் ரிம்பா கியாரா என்ன ஆச்சு? பூங்கா என்று திட்டத்தில் இருந்த இடத்தில் அடுக்குமாடிக்கு அனுமதி கிடைக்கவில்லையா?

வரைபடத்தம்பி | வியாழன், காலை 9.15

கிடைத்தது. குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டு, 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்ததும் நடந்தது, அண்ணே. அது கோலாலம்பூர், அங்கே வேறு சட்டம், 1982ஆம் ஆண்டினுடையது. ஆனால் வழக்கு ஜெயித்ததற்கு முக்கியக் காரணம் பூங்கா என்று ஓர் அரசாங்கக் காகிதத்தில் எழுதியிருந்ததுதான். எழுதாமல் இருந்திருந்தால் எதைக் காட்டி வழக்காடியிருப்பார்கள்?

டீச்சரம்மா | வியாழன், காலை 11.00

கியாரா என்றதும் எனக்கு வேறு ஞாபகம் வருகிறது. அந்தப் பூங்கா ஓரத்தில் நீள்வீடுகளில் இருந்தவர்கள் யார்? பழைய கியாரா தோட்டத்துத் தொழிலாளர்கள், அவர்கள் பிள்ளைகள். எண்பதுகளில் தோட்டம் போனபோது தற்காலிகம் என்று வைத்தார்கள், ஒரு தலைமுறைக்கு மேல் அங்கேயே. அவர்களுக்கு வீடு கட்டித் தருவதையும் சேர்த்துத்தான் அந்தத் திட்டமே வந்தது. பூங்கா வேண்டும் என்பவரும் நியாயம், வீடு வேண்டும் என்பவரும் நியாயம். இரண்டு நியாயத்தையும் ஒரே துண்டு நிலத்தில் நிறுத்தி மோதவிட்டதுதான் தப்பு.

நம்ம திடலிலும் அதே கதை வரலாம். "மலிவு வீடு கட்டத்தான் திடலை எடுக்கிறோம்" என்றால் இங்கே பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வோம். அதனால் ஆட்சேபத்தோடு, வீடு எங்கே கட்டலாம் என்பதையும் நாமே காட்டவேண்டும். பழைய ஆலைக்குப் பின்னால் சும்மா கிடக்கிற மேட்டு நிலம் இருக்கிறதே.

ரொட்டிக்கடை | வியாழன், மதியம் 3.30

டீச்சர் சொன்னால் சரி. ஆலைக்குப் பின்னால் வீடு என்றால் என் கடைக்கும் பக்கம்தான்.

ஆனால் தொழிற்பேட்டையை ஊரைவிட்டே விரட்டாதீர்கள். பள்ளிக்குப் பின்னால் வேண்டாம், பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகட்டும். நான் அப்படியே எழுதித் தருகிறேன். மலாய் எழுத யாராவது உதவி பண்ணுங்கள், பேச வரும், எழுத வராது.

புதுத்தாமான் | வெள்ளி, இரவு 10.10

இன்று வீட்டு லாச்சியை (இழுப்பறையை) குடைந்தேன். வீடு வாங்கும்போது விற்பனை அலுவலகத்தில் கொடுத்த கையேடு இன்னும் இருக்கிறது. அதில் எங்கள் தாமானின் பக்கத்தில் பச்சையாக ஒரு கட்டம், "பாடாங்" (திடல்) என்று எழுதியிருக்கிறது. கோணத்தைப் பார்த்தால் நீங்கள் சொல்கிற அதே திடல். நான் இத்தனை நாள் அது வேறு ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தேன். படம் இணைத்திருக்கிறேன்.

லயத்துப்பிள்ளை | வெள்ளி, இரவு 10.14

அண்ணே, இதை இத்தனை நாள் லாச்சியிலா வைத்திருந்தீர்கள்!

வரைபடத்தம்பி | வெள்ளி, இரவு 11.35

இது பெரிய விஷயம். வீடமைப்புப் பகுதியில் 10 விழுக்காடு திறந்தவெளியாக விடவேண்டும் என்பது திட்டமிடல் வழிகாட்டி. உங்கள் தாமானுக்கு அந்தத் திடலைக் காட்டித்தான் அனுமதி வாங்கியிருப்பார்கள் என்று தோன்றுகிறது. அப்படியானால் இப்போது அதே இடத்தை வீடமைப்பு என்று காட்டினால் ஒரே திடலை இரண்டு முறை விற்ற கதை.

ஆனால் கையேடு விளம்பரத் தாள்தான், நம்பி உட்காராதீர்கள். இரண்டு காரியம் செய்யவேண்டும். மன்றத்தில் அங்கீகரித்த மனைப்பிரிவு வரைபடத்தைப் பார்க்கக் கேளுங்கள். நில அலுவலகத்தில் திடல் லாட்டுக்கு ஒரு தேடல் போடுங்கள், கட்டணம் உண்டு. நிலம் அரசிடம் ஒப்படைக்கப்பட்டதா, இன்னும் மேம்பாட்டாளர் பெயரிலேயே இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பெயர் மாறாமல் இருந்தால், திடலுக்கு ஏன் வீட்டு வண்ணம் அடித்தார்கள் என்பதும் புரிந்துவிடும்.

அப்புறம் பாரத்தில் "நேரில் விளக்கம் சொல்ல விரும்புகிறேன்" என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் கட்டாயம் டிக் போடுங்கள். ஆட்சேபித்து, நேரில் கேட்கும்படி கோரியவர்களைத்தான் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். எல்லாரும் ஒரே கடிதத்தை நகல் எடுத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். முந்நூறு நகல் வந்தால் அலுவலர் ஒரு ஆட்சேபம் என்று ஒரு வரியில் எழுதுவார். கொய்யாமரம் அக்கா வெள்ளத்தை எழுதட்டும், டீச்சர் பாதையை, ரொட்டிக்கடை அண்ணன் தொழிற்பேட்டையை, புதுத்தாமான் அண்ணன் திடலை.

புதுத்தாமான் | வெள்ளி, இரவு 11.50

திடலை நானா?

லயத்துப்பிள்ளை | சனி, காலை 7.05

காகிதம் உங்களிடம்தானே இருக்கிறது. நான் கூட வருகிறேன்.

கொய்யாமரம் | ஏழு வாரம் கழித்து, புதன், மாலை 6.20

இன்று விசாரணை முடிந்தது. வரமுடியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

மன்றத்து மாடியில் சின்ன அறை, குளிர்சாதனம் நடுங்கவைக்கிறது. குழுவில் மூன்று பேர், பக்கத்தில் திட்டப் பிரிவு அலுவலர்கள் இரண்டு பேர். ஆளுக்குப் பத்து நிமிடம். மரியாதையாகத்தான் நடத்தினார்கள்.

நான் தூண் படத்தைக் கொடுத்தேன். நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், "இந்தக் கோடுகளை யார் போட்டது?" என்று கேட்டார். மாமனார் வெளியே நாற்காலியில் இருக்கிறார் என்றேன். சிரித்தார், குறித்துக்கொண்டார்.

ரொட்டிக்கடை அண்ணன் நன்றாகப் பேசினார், நேரம் போதவில்லை. புதுத்தாமான் அண்ணன் மனைப்பிரிவு வரைபட நகலையும் நிலத் தேடலையும் வைத்தார். திடல் இன்னும் மேம்பாட்டாளர் பெயரில்தான் இருக்கிறது. அந்த இரண்டு அலுவலர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

கோயிலுக்குத் தனியாக நேரம் கொடுத்தார்கள். தோட்ட நிறுவனத்தின் ஒப்புதல் கடிதம் கேட்டார்கள், நம்மிடம் இல்லை. அங்கே சறுக்கிவிட்டோம்.

கடைசியாக டீச்சர். பாதையைப் பற்றிச் சொன்னார். "அந்தப் பாதை எவ்வளவு அகலம்?" என்று அலுவலர் கேட்டார். டீச்சர் யோசித்துவிட்டு, "இரண்டு பிள்ளைகளும் ஒரு சைக்கிளும்" என்றார். அறையில் எல்லாரும் சிரித்தார்கள். அலுவலர் மட்டும் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். மீட்டரில் வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் கொடுத்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

சந்தேகசாமி | புதன், இரவு 8.00

அப்புறம் முடிவு யார் எடுக்கிறார்கள்?

வரைபடத்தம்பி | புதன், இரவு 8.25

குழு அறிக்கை கொடுக்கும். மாநிலத் திட்டக் குழு ஏற்கலாம், திருத்தி ஏற்கலாம், நிராகரிக்கலாம். அதற்குத் தலைவர் மந்திரி புசார், அதாவது மாநில முதலமைச்சர். மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அந்த அளவை அனுப்புங்கள்.

லயத்துப்பிள்ளை | வியாழன், இரவு 7.50

அளந்தாச்சு. பள்ளி விட்டதும் நான், சந்தேகசாமி அண்ணன் (ஆமாம், அவரே டேப்போடு வந்தார்), பிள்ளைகள் எட்டுப் பேர். கோயில் பக்கம் 1.8 மீட்டர், காணைத் தாண்டுகிற பலகையில் 0.9, பள்ளிக் கேட்டருகே 2.1. மொத்த நீளம் 640 மீட்டர். பலகை ஆடுகிறது, அதையும் எழுதியிருக்கிறேன்.

ஒரு சிக்கல். பாதை ஒரே லாட்டில் இல்லை, நான்கு லாட்டில் போகிறது. மூன்றுக்கு எண் கிடைத்துவிட்டது. காணுக்கு அந்தப் பக்கம் இருக்கிற துண்டுக்கு எண் தெரியவில்லை. நாளை காலை நில அலுவலகத்துக்குப் போக யாருக்கு நேரம் இருக்கிறது? எனக்கு ஷிப்டு.

புதுத்தாமான் | வியாழன், இரவு 7.58

நான் போகிறேன். எட்டு மணிக்குத் திறப்பார்கள்தானே?